ஆண்டிப்பட்டியில் 2019க்கு முன்னால் திமுக ஜெயித்ததே இல்லையா? மாமாவோடு பந்தயம், விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

வராகநதிக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான், வீட்டில் பெரிதாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு ஆண்டிப்பட்டித் தொகுதிக்குப் போய்விட்டது. மாமா அந்தத் தொகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது தாண்டியாயிற்று, எந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டாலும் நேரில் நின்று எண்ணியவர் மாதிரி பேசுவார். அன்றைக்கு மூன்று விஷயங்களை அடித்துச் சொன்னார்.

ஒன்று, 1984 தேர்தலில் எம்ஜிஆர் ஆண்டிப்பட்டிக்கு வந்து ஓட்டுக் கேட்டார், அதை இவர் கண்ணால் பார்த்தார். இரண்டு, அது எம்ஜிஆர் கோட்டை, 2019-ல் அண்ணன் தம்பி போட்டி வந்தபோதுதான் திமுக முதல்முறையாக உள்ளே நுழைந்தது. மூன்று, ஜெயலலிதா 2001-ல் அங்கே நின்று தோற்று, அடுத்த வருஷமே அதே தொகுதியில் நின்று பழி தீர்த்துக்கொண்டார்.

மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் கையில் ஆதாரமும் இல்லை. போனை எடுத்துத் தேடப் போனால் "அதில் போட்டிருப்பதை எல்லாம் நம்புவியா, நான் அந்த மண்ணில் இருந்தவன்டா" என்று வாயை அடைத்துவிட்டார். தோற்றவர் ஒரு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பரோட்டா வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். மாமா ஆறு பரோட்டா சாப்பிடுவார், அதையும் யோசித்து உதவுங்கள்.

பழையதாள் எழுதியது:

தம்பி, பரோட்டாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மூன்றிலுமே மாமா அவுட்.

முதல் விஷயம். 1984 அக்டோபரிலேயே எம்ஜிஆர் படுத்துவிட்டார். முதலில் சென்னையில் சிகிச்சை, அங்கிருந்து நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனை. டிசம்பர் 19-ம் தேதி அங்கே அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆண்டிப்பட்டிக்காரர்கள் ஓட்டுப் போட்டது டிசம்பர் 24-ல். ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள் கடல் கடந்து வந்து சக்கம்பட்டியில் கை அசைத்தார் என்றால் அவருடைய படத்தில்கூட அப்படி ஒரு சீன் வைக்கமாட்டார்கள். வேட்புமனுவுக்கான கையெழுத்தே மருத்துவமனையில் இருந்துதான் வந்தது. அவர் சென்னைக்குத் திரும்பியது 1985 பிப்ரவரி 4, முதலமைச்சராகப் பதவி ஏற்றது பிப்ரவரி 10. தொகுதிக்குள் கால் வைக்காமலே 60,510 ஓட்டு, திமுகவுக்கு 28,026. வித்தியாசம் 32,484.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த கதை. திமுக அங்கே முதலில் ஜெயித்தது 1989-ல், 2019-ல் இல்லை. ஜெயித்தவர் ஆசையன். யாரைத் தோற்கடித்து ஜெயித்தார் என்று மாமாவிடம் கேளுங்கள், அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் நின்று தோற்றவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். எம்ஜிஆரின் மனைவி. எம்ஜிஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. சரியாக மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில்தான் ஆண்டிப்பட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது, கடைசிவரை அந்தத் தொகுதி எம்எல்ஏவாகவே இருந்து போனார். அதன்பின் ஜானகி 1988 ஜனவரியில் முதல்வராகி, மாதம் முடிவதற்குள் ஆட்சி போய், கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலையும் முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். கணவரின் கடைசித் தொகுதி என்று நம்பி அம்மையார் அங்கே வந்தார், புறா பறந்துவிட்டது. பக்கத்திலேயே போடிநாயக்கனூரில் ஜெயலலிதா சேவலில் நின்று ஜெயித்தார். அன்றைக்கே கட்சி யாருக்கு என்பது முடிந்துபோன மாதிரிதான்.

அப்புறம் 1996-லும் அதே ஆசையன், அதே திமுக. ஆக 2019க்கு முன்னாலேயே இரண்டு முறை.

மூன்றாவது, 2001-ல் ஜெயலலிதா அங்கே தோற்கவில்லை. நிற்கவே விடவில்லை. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை வாங்கியிருந்ததால் மனு தள்ளுபடி. மொத்தம் நான்கு இடங்களில் மனுப் போட்டிருந்தார்: ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை. தண்டனையைக் காட்டியும், ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற சட்டத்தைக் காட்டியும் நான்கையும் தள்ளினார்கள். ஆண்டிப்பட்டியில் கட்சி சார்பில் நின்று ஜெயித்தவர் தங்க தமிழ்ச்செல்வன். மனு தள்ளுபடியானதைத்தான் மாமா தோல்வி என்று நினைவில் வைத்திருக்கிறார் போல.

சக்கம்பட்டித் தறி எழுதியது:

பழையதாள் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மாமாவை ஒரேயடியாகப் பொய்யர் ஆக்கிவிடாதீர்கள். 84-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், ஒரு வேன் வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கலர் டிவி, பக்கத்தில் வீடியோ கேசட் போடும் டெக். அன்றைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் டிவி கிடையாது, கலர் டிவி என்றால் கேட்கவே வேண்டாம். தறியை நிறுத்திவிட்டு மொத்தத் தெருவும் வந்து நின்றது. எம்ஜிஆர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுகிறார், பக்கத்தில் ஜானகி அம்மா. தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. அவ்வளவுதான் படம். சண்டை இல்லை, பாட்டு இல்லை. எங்கள் அம்மா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது இன்றைக்கும் கண் முன்னால் இருக்கிறது. வேன் போனதும் பக்கத்துத் தெருக்காரர்கள் அதன் பின்னாலேயே ஓடி இரண்டாவது தடவை பார்த்தார்கள்.

ஊர் முழுக்க அவர் செத்துப்போய்விட்டார், மறைக்கிறார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் சோறு உண்பதைக் காட்டியதே போதுமாக இருந்தது, வேறு பிரச்சாரம் தேவைப்படவில்லை. இதில் இந்திரா காந்தியை அக்டோபர் 31-ல் சுட்டுக் கொன்றிருந்தார்கள், லோக்சபா ஓட்டும் சட்டசபை ஓட்டும் ஒரே நாளில், காங்கிரஸ் கூட்டணி. ஒரு பக்கம் இழவு, இன்னொரு பக்கம் உயிர் பிழைத்த சந்தோஷம். எதிரே நின்றவர் யாராக இருந்தாலும் பாவம்தான்.

2002-ல் ஜெயலலிதா நின்ற இடைத்தேர்தலும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு மாதம் தெருவில் நடந்தால் யாராவது ஒரு அமைச்சர் எதிரே வருவார். டீக்கடையில் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது, எல்லாம் வெளியூர் வேட்டிகள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, பெரிய கார் ஒன்றில் இருந்து இறங்கி வந்தவரிடம் "நீங்க எந்தத் துறைய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே கொடுத்தார். குடிதண்ணீர்த் துறை என்றால் வேறு பேச்சுப் பேச வைத்திருந்தார் போலிருக்கிறது.

படிவம்20 எழுதியது:

எண்களை வரிசையாகப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெளிவு வரும். நான் தேர்தல் ஆணைய அறிக்கைகளை நோண்டுகிறவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977-ல் அதிமுக. 1980-ல் அதிமுக சார்பில் எஸ்.எஸ்.ராஜேந்திரன். 1962-லேயே தேனியில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போன நடிகர், எம்ஜிஆருக்கு முன்பே எம்எல்ஏ ஆனவர், இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். 1984 எம்ஜிஆர். 1989 திமுக. 1991-ல் அதிமுகவின் தவசி. 1996 திமுக. 2001-ல் தங்க தமிழ்ச்செல்வன். 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா 78,437, திமுகவின் வைகை சேகர் 37,236, வித்தியாசம் 41,201.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எம்ஜிஆரும் சரி ஜெயலலிதாவும் சரி, எதிராளி வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கித்தான் முதல் தடவை ஜெயித்தார்கள். ஆனால் 2006-ல் அதே ஜெயலலிதா, ஐந்து வருஷ முதல்வர், 73,927. திமுக 48,741. வித்தியாசம் 25,186. (திமுக வேட்பாளர் பெயர் சீமான். நீங்கள் நினைக்கிற சீமான் இல்லை, இவர் வேறு.) நான்கே வருஷத்தில் அவருடைய ஓட்டு 4,510 இறங்குகிறது, திமுகவுக்கு 11,505 ஏறுகிறது. கோட்டைச் சுவரில் விரிசல் அன்றைக்கே விழுந்தாயிற்று. 2011-ல் அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார்.

2011-ல் தங்க தமிழ்ச்செல்வன் 91,721, திமுகவின் மூக்கையா 70,690. 2016-ல் மறுபடி அதே இருவர், 1,03,129க்கு 72,933. வித்தியாசம் 30,196. மாநிலம் முழுக்கப் போட்டி இறுகியிருந்த 2016-ல்கூட இங்கே இவ்வளவு வித்தியாசம் என்பதால்தான் எல்லோருக்கும் கோட்டை என்ற சொல் வாயில் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. 2006 எண்ணையும் 2011 எண்ணையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். நடுவில் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. தேனி மாவட்டத்தில் ஐந்து தொகுதி இருந்தது நான்காகிவிட்டது. தேனி என்ற சட்டசபைத் தொகுதியே இல்லாமல் போனது, எஸ்எஸ்ஆர் ஜெயித்த அதே தேனி. பெயர் ஆண்டிப்பட்டிதான், எல்லைக்கோடு பழையது இல்லை. 84-ல் 60 ஆயிரம் வாங்கியவர் சுனாமி மாதிரி ஜெயித்தார், 2021-ல் 85 ஆயிரம் வாங்கியவர் தோற்றார். எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கினால் மாமா மாதிரிதான் ஆகும்.

வராகநதிக்காரன் எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. ஜானகி அம்மாள் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அது கட்சி உடைஞ்சிருந்த நேரம், அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது" என்றார். 96-ஐச் சொன்னேன். "அந்த வருஷம் அம்மாவே பர்கூரில் தோத்துச்சு, அதையும் எடுக்கக்கூடாது" என்றார். அப்படியென்றால் 2019? "அது தினகரன் பிரிஞ்ச நேரம்." திமுக ஜெயித்த வருஷத்தை எல்லாம் தள்ளிவிட்டால் திமுக ஜெயித்ததே இல்லை என்பது உண்மைதான், இதற்கு மேல் என்ன வாதம் செய்வது?

வைகை மேட்டுக்காரன் எழுதியது:

சிரிக்காதீர்கள், உங்கள் மாமா தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆண்டிப்பட்டியில் இரட்டை இலைக்காரர்கள் ஒற்றுமையாக இருந்தால் திமுகவுக்கு இடம் இல்லை, வீட்டுக்குள் சண்டை வந்தால் திமுக உள்ளே வரும். 89 அப்படி, 2019 அப்படி. 96 மட்டும்தான் மாநிலம் முழுக்க அடித்த காற்று, அந்த வருஷம் அதிமுகவே நான்கு இடத்தில்தான் ஜெயித்தது, அதில் ஆண்டிப்பட்டியைக் குறை சொல்ல முடியாது.

2019 எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். தினகரன் பக்கம் போன எம்எல்ஏக்கள், தங்க தமிழ்ச்செல்வன் உட்பட 19 பேர், 2017 ஆகஸ்டில் முதல்வர் பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள், ஒருவர் பின்வாங்கிவிட, செப்டம்பர் 18-ல் சபாநாயகர் மற்ற 18 பேரையும் தகுதிநீக்கம் செய்தார். ஐகோர்ட்டில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். ஆண்டிப்பட்டிக்கு எம்எல்ஏ இல்லாமல் ஒன்றரை வருஷம் ஓடியது. குண்டும் குழியுமான ரோட்டுக்கு மனு எழுதிக்கொண்டு போனால் யாரிடம் கொடுப்பது என்றே தெரியாத காலம்.

2019 ஏப்ரல் 18-ல் லோக்சபாவோடு சேர்த்து இடைத்தேர்தல். திமுகவில் மகாராஜன், அதிமுகவில் லோகிராஜன். கூடப் பிறந்த அண்ணன் தம்பி. ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஆண்டிப்பட்டியில் தினகரனின் அமமுக அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரிச் சோதனை, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது, 1.48 கோடி ரூபாய் பிடிபட்டதாகச் சொன்னார்கள். உறைகளில் வார்டு எண், ஓட்டர் எண்ணிக்கை, தலைக்கு 300 என்று எழுதியிருந்ததாகச் செய்தி. அன்றைக்கு ஊரில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, வேலூர் மாதிரி தேர்தலை நிறுத்துவார்களா என்பது. நிறுத்தவில்லை.

இனி நான் நேரில் பார்த்தது. எங்கள் சாவடியில் இரண்டு இயந்திரம். லோக்சபாவுக்கு வெள்ளைத் தாள், சட்டசபைக்கு இளஞ்சிவப்புத் தாள். எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து கொண்டு, "வெள்ளைத் தாளில் சூரியனைக் காணோமேப்பா, ஒளிச்சு வச்சிட்டாங்களா" என்று கேட்டார். கூட்டணியில் தேனி லோக்சபா காங்கிரசுக்குப் போயிருந்தது, அங்கே இளங்கோவன், கை சின்னம். சட்டசபைக்கு உதயசூரியன். இரட்டை இலை இரண்டு இயந்திரத்திலும் இருந்தது. அமமுகவின் பரிசுப் பெட்டியும் இருந்தது, தங்க தமிழ்ச்செல்வன் அதில் லோக்சபாவுக்கு நின்றார். "கை இருந்திச்சா பாட்டி?" என்றேன். "கைய நான் எதுக்குத் தேடப் போறேன்" என்றார். அப்புறம் எதை அமுக்கினார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

முடிவு வந்தபோது லோக்சபாவில் ஓ.பி.ரவீந்திரநாத் ஜெயித்தார், தமிழ்நாட்டில் அதிமுக கூட்டணிக்குக் கிடைத்த ஒரே சீட்டு அது. அதே நாள் போட்ட ஓட்டில் ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இரண்டு சட்டசபைத் தொகுதியும் திமுகவுக்கு. ஆண்டிப்பட்டியில் மகாராஜன் 87,079, லோகிராஜன் 74,756. 12,323 வித்தியாசம். அமமுக வாங்கியது அதைவிட அதிகம். இலை ஓட்டு உடைந்ததால் வந்த வெற்றி என்று சொன்னால் திமுக நண்பர்கள் கோபப்படுவார்கள், படட்டும்.

படிவம்20 எழுதியது:

மேட்டுக்காரர் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். அமமுகவுக்குப் போன ஓட்டு முழுக்க இலைக்குத் திரும்பி வந்திருக்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்? தலைவரையே பாருங்கள். தங்க தமிழ்ச்செல்வன் அந்தத் தோல்விக்கு ஒரு மாதம் கழித்து, ஜூன் மாதமே திமுகவுக்குப் போனார். 2021-ல் போடியில் ஓபிஎஸ்ஸை எதிர்த்து நின்று தோற்றார், 2024-ல் தேனியில் தினகரனையே எதிர்த்து நின்று திமுக எம்பி ஆகிவிட்டார். மூன்று தடவை ஆண்டிப்பட்டியில் இலையில் ஜெயித்தவரே உதயசூரியனுக்கு மாறிப் போகும்போது, அவருக்குப் போட்ட சாதாரண ஓட்டர் மாறமாட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

2021-ல் மறுபடி அதே அண்ணன் தம்பி. மகாராஜன் 93,541, லோகிராஜன் 85,003. வித்தியாசம் 8,538ஆகக் குறைந்தது. குறைந்தாலும் ஜெயித்தார், ஆண்டிப்பட்டியில் திமுக தொடர்ந்து இரண்டு தடவை ஜெயித்தது அதுவே முதல் முறை. மாவட்டத்தில் நான்கில் மூன்று திமுகவுக்கு, போடி மட்டும் ஓபிஎஸ்ஸுக்கு.

வைகை மேட்டுக்காரன் எழுதியது:

2021-லும் தினகரன் தனியாகத்தானே நின்றார். வீடு அப்போதும் ஒன்றாகவில்லை. ஒன்றாக நின்று தோற்ற ஒரு தேர்தலைக் காட்டுங்கள், 96 தவிர, நான் ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதைத் தாண்டியவன் எழுதியது:

எல்லோரும் 77-ல் இருந்துதான் தொடங்குகிறீர்கள். அதற்கு முன்னால் ஆண்டிப்பட்டி என்ற தொகுதி இல்லையா என்ன?

1967-லும் 1971-லும் அங்கே ஜெயித்தது சுதந்திராக் கட்சி. ஆமாம், ராஜாஜி கட்சி. 67-ல் சுதந்திரா திமுகவோடு கூட்டணி, அதனால் ஆச்சரியமில்லை. 71-தான் விஷயம். அந்தத் தேர்தலில் திமுக 184 இடம் பிடித்தது, கருணாநிதிக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு எண்ணிக்கை கிடைக்கவில்லை. சுதந்திரா அப்போது காமராஜரோடு எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தது, மாநிலம் முழுக்க அதற்குக் கிடைத்தது ஆறே ஆறு. அந்த ஆறில் ஒன்று ஆண்டிப்பட்டி. அப்போது அதிமுக என்று ஒரு கட்சியே கிடையாது, எம்ஜிஆர் திமுகவில் பரங்கிமலை எம்எல்ஏ.

அதனால்தான் சொல்கிறேன், "எம்ஜிஆர் கோட்டை" என்பது பாதிக் கதை. 67-ல் ஆட்சிக்கு வந்த திமுகவுக்கு ஆண்டிப்பட்டியில் உதயசூரியனை ஜெயிக்கவைக்க 89 வரை ஆனது. எம்ஜிஆர் பிரிந்து போவதற்கு முன்பே அந்த மண் திமுகவுக்கு எதிராக ஓட்டுப் போட்டுப் பழகியது. எம்ஜிஆர் வந்து அந்த ஓட்டின் மேல் உட்கார்ந்தார். எல்லைக்கோடு 77-ல் மாறியது என்பது எனக்கும் தெரியும், படிவம் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. ஊரில் இதைச் சாதிக் கணக்காகவே பேசுவார்கள், பிரமலைக்கள்ளர் ஓட்டு இவ்வளவு, மற்றவர் இவ்வளவு என்று. கணக்கு உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால், அமெரிக்காவில் படுத்திருந்தவருக்கும் போயஸ் தோட்டத்தில் இருந்தவருக்கும் அங்கே யார் ஓட்டுப் போட்டது? அவர்கள் இருவரும் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரமாட்டார்கள்.

சக்கம்பட்டித் தறி எழுதியது:

பெரியவர் சொன்ன சுதந்திராக் கட்சி விஷயம் எனக்கே புதிது. எங்கள் அப்பா நட்சத்திரச் சின்னம் என்று ஏதோ சொல்வார், சினிமாக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல்வர் தொகுதி என்று பெருமை பேசுவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வைகை அணையே எங்கள் தொகுதியில்தான் இருக்கிறது. அணைத் தண்ணீர் மதுரைக்கும் அதற்கு அந்தப்புறமும் போகிறது. வருசநாட்டுப் பக்கமும் கடமலைக்குண்டுப் பக்கமும் மழை பொய்த்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு முதலமைச்சரைக் கொடுத்த ஊர் என்று போர்டு வைக்கலாம், குடம் நிறையாது.

வராகநதிக்காரன் எழுதியது:

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை மறுபடி மாமா வீட்டுக்குப் போய் இங்கே எழுதியதை எல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சுதந்திராக் கட்சி வந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "பார்த்தியா, நான் சொன்னேன்ல, திமுக அங்க ஆகாதுன்னு" என்றார். 2001 வந்தபோது, மனு தள்ளுபடியும் தோல்வியும் ஒன்றுதான் என்று கொஞ்சம் முனகினார். எம்ஜிஆரை நேரில் பார்த்ததை மட்டும் விடவே இல்லை. முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். தொப்பி இல்லாமல், கண்ணாடி இல்லாமல், மெலிந்து போய், பக்கத்தில் ஜானகி அம்மா இருந்தார் என்றார். சக்கம்பட்டி அண்ணன் எழுதிய வேன் பகுதியை நான் வேண்டுமென்றே அதற்குப் பிறகுதான் படித்தேன்.

சமையலறையில் இருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க வந்து எங்கிட்ட என்ன சொன்னீங்க? எம்ஜிஆர் சாப்பிடுறாரு, டிவியில காட்டுறாங்க, வாடி வந்து பாருன்னு சொல்லிட்டு ஓடல? புள்ளைய இடுப்புல தூக்கிட்டு நானும் வேனுக்குப் பின்னாடியே வந்தேனே."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "எத்தன பரோட்டா?" என்றார்.